மானிட்டர் இரண்டு, கேபிள் எது? கணினியின் பின்பக்கத் துளைகள் சொல்லும் வரலாறு

விழுப்புரத்துக்கு வடமேற்கே, செஞ்சிப் பக்கம் போகிற வழியில் பனமலை என்று ஒரு ஊர் இருக்கிறது. ஒரு பெரிய ஏரி, அதை ஒட்டி ஒரு குன்று, குன்றின் மேல் பல்லவ மன்னன் இராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் இவனேதான். பனமலைக் கோயிலின் ஒரு சிறிய சன்னதிச் சுவரில் சுமார் 1,300 வருடத்துக்கு முந்தைய ஓவியம் ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்து, சாய்ந்து நிற்கும் உமை. அவள் சிவனின் நடனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடனமாடும் சிவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். பார்க்கிறவள் மட்டும் இருக்கிறாள்!

இந்தக் கோயிலைப் பற்றிக் கல்லூரிக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவருக்கு ஓவியத்தின் பெரிய புகைப்படம் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். 1890இல் ஹூல்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியின் ஸ்கேன் பக்கம் இன்னொரு பக்கம் வேண்டும் (பனமலைக் கல்வெட்டு அதில்தான் இருக்கிறது). இது போக, எழுதிக்கொண்டிருக்கிற கட்டுரை வேறு. 14 அங்குல மடிக்கணினித் திரையில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஆல்ட்-டேப் அழுத்தியே விரல் தேய்ந்துவிடும். இந்த நேரத்தில் ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய மானிட்டர் ஒன்று சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. இணைத்துவிட்டால் இரண்டு திரை, வேலை பாதியாகக் குறையும்.

ஆனால் மடிக்கணினியில் இருக்கிற துளை ஒரு உருவம், மானிட்டரில் இருக்கிற துளை வேறு உருவம். கடைக்காரர் இரண்டு முனையும் வெவ்வேறாக உள்ள ஒரு கேபிளை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. திரையில் மட்டும் 'நோ சிக்னல்'.

பொருந்துகிற கேபிள் ஏன் வேலை செய்யவில்லை? காரணம் 40 வருடத்துக்கு முன்னாலேயே தொடங்குகிறது. அங்கிருந்து வந்தால்தான் எந்தக் கேபிளை வாங்குவது என்பதும் புரியும்.

முதல் கணினியிலேயே இரண்டு திரை

இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்வது ஏதோ பங்குச் சந்தைக்காரர்களும் மென்பொருள் கம்பெனிகளும் சமீபத்தில் கொண்டுவந்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம் தன் முதல் பி.சி-யை வெளியிட்டபோதே அது சாத்தியமாக இருந்தது.

அந்தக் கணினிக்கு இரண்டு விதமான திரை அட்டைகள் விற்கப்பட்டன. எம்.டி.ஏ என்பது எழுத்துகளை மட்டும் காட்டும். ஒரே நிறம்தான், ஆனால் எழுத்து தெளிவாக இருக்கும். சி.ஜி.ஏ என்பது வண்ணத்தில் படம் காட்டும், ஆனால் எழுத்து கொரகொரவென்று இருக்கும். இந்த இரண்டு அட்டைகளும் கணினியின் நினைவகத்தில் வெவ்வேறு இடங்களைப் பயன்படுத்தின. அதனால் ஒன்றை ஒன்று இடிக்காமல் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் செருக முடிந்தது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் கணக்கு அட்டவணையை ஒரு திரையிலும், அதன் வரைபடத்தை வண்ணத் திரையிலும் பார்த்தார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு, மற்றதில் பிழை தேடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. எம்.டி.ஏ, சி.ஜி.ஏ இரண்டுக்குமே 9 ஊசிகள் கொண்ட ஒரே உருவ இணைப்பான்தான். ஆனால் அந்த ஊசிகள் வழியே போகும் சிக்னல் வேறு, வேகம் வேறு. ஐ.பி.எம்மின் ஒற்றை நிற மானிட்டரைத் தவறுதலாக சி.ஜி.ஏ அட்டையில் செருகினால் மானிட்டரே பழுதாகிவிடும் ஆபத்து இருந்தது. துளையின் உருவத்தைப் பார்த்து நம்பினால் ஏமாறலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்ட பாடம். நாற்பது வருடம் கழித்தும் அதே பாடத்தைத்தான் விழுப்புரத்துக் கடையில் ஒருவர் காசு கொடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

டிஜிட்டலில் இருந்து அனலாக்குக்கு!

அனலாக் பழசு, டிஜிட்டல் புதுசு என்பது பொதுவான எண்ணம். மானிட்டர் கேபிளின் வரலாற்றில் இது தலைகீழாக நடந்தது.

சி.ஜி.ஏ ஒரு டிஜிட்டல் இணைப்பு. சிவப்பு, பச்சை, நீலம், வெளிச்சம் என்று நான்கு கம்பிகள். ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இருக்கும் அல்லது இருக்காது. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. ஆகவே 16 நிறங்கள். 1984இல் வந்த இ.ஜி.ஏ-வில் ஆறு கம்பிகள், 64 நிறங்கள். இப்படியே போனால் ஒரு புகைப்படத்தை ஒழுங்காகக் காட்டுவதற்கு எத்தனை கம்பி வேண்டும்? கேபிள் தடித்துக்கொண்டே போகும்.

1987 ஏப்ரலில் ஐ.பி.எம் தனது பி.எஸ்/2 கணினிகளுடன் வி.ஜி.ஏ-வை வெளியிட்டது. சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஆனால் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்குப் பதிலாக, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பூஜ்யத்தில் இருந்து 0.7 வோல்ட் வரை எந்த அளவும் போகலாம். அளவு கூடினால் நிறம் பளிச்சென்று தெரியும். மூன்றே கம்பிகளில் 2,62,144 நிறங்களில் இருந்து தேர்ந்தெடுக்க முடிந்தது. (640க்கு 480 என்ற அளவில் ஒரே நேரத்தில் 16 நிறங்களைத்தான் காட்ட முடிந்தது, அதற்குக் காரணம் நினைவகம் போதாதது. கேபிள் மேல் குறை இல்லை.) அன்றைய மானிட்டர்கள் எல்லாம் பழைய டி.வி போன்ற கண்ணாடிக் குழாய் மானிட்டர்கள். குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றைக்கும் அனலாக்தான் பிடித்தமானது. ஆக, அந்தக் காலத்துக்கு வி.ஜி.ஏ மிகச் சரியான தீர்வு.

பழைய 9 ஊசி இணைப்பானின் அதே அளவுக் கூட்டுக்குள் மூன்று வரிசையில் 15 ஊசிகளைத் திணித்தார்கள். மற்ற நிறுவனங்கள் எல்லாம் அதைக் காப்பியடித்தன. பி.எஸ்/2 கணினி சந்தையில் பெரிதாக நிற்கவில்லை, அதன் திரை இணைப்பு மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2000களில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் தடித்த மானிட்டருக்குப் பின்னால் தொங்கிய, நீல நிற முனையும் இரண்டு பக்கமும் திருகாணியும் கொண்ட கேபிளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதுதான் இது.

அனலாக்கின் பலமே அதன் பலவீனமும். இந்த வேகத்துக்கு மேல் போகாது என்று வி.ஜி.ஏ கேபிளில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, அதனால் 1920க்கு 1080 வரை கூட இழுக்கலாம். ஆனால் கேபிள் நீளமாக இருந்தாலோ மட்டமாக இருந்தாலோ எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், ஓரம் மங்கும். 'ழ', 'ஐ' மாதிரி வளைவுகள் நிறைந்த தமிழ் எழுத்தைச் சின்ன அளவில் படிக்கும்போது இது நன்றாகவே தெரியும்.

இன்னொரு சிறு விஷயம். 1994இல் வேசா என்ற தர நிர்ணய அமைப்பு, மானிட்டர் தன்னுடைய அளவைக் கணினிக்குத் தானே சொல்லிவிடும் முறையைக் கொண்டுவந்தது. அதுவரை பயனற்றுக் கிடந்த சில ஊசிகள் இதற்குப் பயன்பட்டன. மலிவான கேபிள்களில் இந்த ஊசிகளுக்குக் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். படம் வரும், ஆனால் மானிட்டர் இன்னதென்று கணினிக்குத் தெரியாது. 1024க்கு 768இல் எல்லாம் அகலமாக இழுத்துப் பிடித்தது போல் தெரியும். மானிட்டரில் கோளாறு என்று நினைத்து விற்றுவிடுகிறவர்கள் உண்டு. கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

மென்பொருள் எப்போது வழிக்கு வந்தது?

எண்பதுகளின் இரட்டைத் திரை ஒரு மென்பொருளுக்கு ஒரு ஏற்பாடு என்ற கணக்கில் இருந்தது. இரண்டு திரையும் சேர்ந்து ஒரே மேசை போல ஆகி, எலியை இழுத்தால் இங்கிருந்து அங்கே போகிற வசதி 1987இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் II-வில் வந்தது. பி.சி-க்காரர்கள் விண்டோஸ் 98 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு செருக வேண்டும். 1999இல் மேட்ராக்ஸ் நிறுவனம் ஜி400 என்ற ஒரே கார்டில் இரண்டு திரைக்கான வசதியைக் கொடுத்தது.

ஆனாலும் பெரும்பாலோர் வீட்டில் இது பரவவில்லை. ஒரு கண்ணாடிக் குழாய் மானிட்டரைத் தூக்கி வைத்தாலே மேசை நிறைந்துவிடும், இரண்டை எங்கே வைப்பது? தட்டையான எல்.சி.டி மானிட்டர்கள் வந்த பிறகுதான் இரட்டைத் திரை சாதாரண ஆட்களுக்கு வந்து சேர்ந்தது. அதே எல்.சி.டி-தான் கேபிள் பிரச்சினையையும் கிளப்பிவிட்டது.

நடுவில் ஒரு வெட்டி வேலை

எல்.சி.டி திரை புள்ளி புள்ளியாக ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். கணினிக்குள்ளும் படம் எண்களாகத்தான் இருக்கிறது. நடுவில் வி.ஜி.ஏ கேபிள் போட்டால் என்ன நடக்கிறது? கிராபிக்ஸ் கார்டு எண்களை மின் அழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. மானிட்டர் அந்த மின் அழுத்தத்தை அளந்து மறுபடி எண்களாக மாற்றுகிறது. தமிழில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பி, வாங்கியவர் திரும்பத் தமிழாக்கிப் படிப்பது மாதிரி. ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும்.

1999 ஏப்ரலில் இன்டெல், சிலிக்கான் இமேஜ், காம்பேக், புஜித்சு, எச்.பி, ஐ.பி.எம், என்.இ.சி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து டி.வி.ஐ என்ற புதிய இணைப்பை வெளியிட்டன. வெள்ளை நிறத்தில் அகலமாக இருக்கும். எண்களை எண்களாகவே அனுப்பும். ஆனால் அப்போது ஊரெல்லாம் வி.ஜி.ஏ மானிட்டர்கள். அவர்களைக் கைவிட முடியாது என்பதால் டி.வி.ஐ-யிலேயே மூன்று வகை வைத்தார்கள். டிஜிட்டல் மட்டும் கொண்டது டி.வி.ஐ-டி. அனலாக் மட்டும் கொண்டது டி.வி.ஐ-ஏ. இரண்டையும் சுமப்பது டி.வி.ஐ-ஐ. அடையாளம் சுலபம்: ஓரத்தில் தட்டையாக ஒரு ஊசி இருக்கும், அதைச் சுற்றி நான்கு சிறிய ஊசிகளுக்கு இடம் இருந்தால் உள்ளே அனலாக்கும் இருக்கிறது. அந்த நான்கும் இல்லையென்றால் டிஜிட்டல் மட்டும்தான்.

இந்தச் சமரசம் அன்றைக்கு நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இன்றைய குழப்பத்தில் பாதி இங்கிருந்து பிறந்தது. டி.வி.ஐ-யில் மாட்டி வி.ஜி.ஏ-வாக மாற்றும் சிறிய முனை ஒன்று கிராபிக்ஸ் கார்டுகளுடன் இலவசமாகவே வந்தது. அதற்குள் எந்தச் சில்லும் கிடையாது, வெறும் கம்பிதான். டி.வி.ஐ-ஐ துளையில் ஏற்கெனவே அனலாக் ஓடிக்கொண்டிருந்ததால் அது வேலை செய்தது. இதைப் பார்த்துப் பழகியவர்கள், எந்தத் துளையையும் ஒரு சின்ன முனை மாட்டி எதுவாகவும் மாற்றிவிடலாம் என்று நம்பத் தொடங்கினார்கள். 2016இல் வந்த என்விடியாவின் ஜி.டி.எக்ஸ் 1080 போன்ற கார்டுகளில் டி.வி.ஐ துளை இருந்தது, ஆனால் அனலாக் இல்லை. அதே பழைய முனையை மாட்டியவர்களுக்குக் கருப்புத் திரைதான் மிச்சம்.

டி.வி-க்காரர்களும் கணினிக்காரர்களும்

அடுத்து நடந்தது ஒரு பங்காளிச் சண்டை. 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ வெளியானது. இதை உருவாக்கியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: சோனி, பானசோனிக் (அப்போது மட்சுஷிதா), தோஷிபா, ஹிட்டாச்சி, பிலிப்ஸ், தாம்சன், சிலிக்கான் இமேஜ். சிலிக்கான் இமேஜ் தவிர எல்லோரும் டி.வி பெட்டி செய்கிறவர்கள். டி.வி.ஐ-யின் அதே டிஜிட்டல் சிக்னலை எடுத்து, ஒலியையும் சேர்த்து, சோபாவுக்குப் பின்னால் எளிதாகச் செருகும்படி சின்ன முனையாக ஆக்கினார்கள். சிக்னல் ஒன்றே என்பதால் எச்.டி.எம்.ஐ-யில் இருந்து டி.வி.ஐ-க்குப் போக வெறும் கம்பி போதும், எந்தத் திசையிலும் வேலை செய்யும். (ஒலி மட்டும் வராமல் போகலாம்.)

எச்.டி.எம்.ஐ துளை வைக்கிற ஒவ்வொரு தயாரிப்பாளரும் வருடச் சந்தாவும், பெட்டிக்கு இவ்வளவு சென்ட் என்று உரிமத் தொகையும் கட்ட வேண்டும். கணினிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 2006இல் வேசா அமைப்பு டிஸ்ப்ளேபோர்ட்டைக் கொண்டுவந்தது. ஒரு மூலை மட்டும் வெட்டிய செவ்வகம் போல இருக்கும். உள்ளே சிக்னலே வேறு வகை: இணையத்தில் தகவல் போவது போல் பொட்டலம் பொட்டலமாகப் போகும். அதனால் பின்னால் வந்த 1.2 பதிப்பில் ஒரு துளையில் இருந்து ஒரு மானிட்டருக்கும், அந்த மானிட்டரில் இருந்து அடுத்த மானிட்டருக்கும் சங்கிலி போல இழுத்துச் செல்ல முடிந்தது. இரட்டைத் திரைக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் வெளித்துளையும் இருக்க வேண்டும். ஆப்பிள் கணினிகள் இந்தச் சங்கிலியில் தனித்தனித் திரையாகக் காட்டாது.

டிஸ்ப்ளேபோர்ட்டுக்காரர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். பெரும்பாலான கணினிகளின் டிஸ்ப்ளேபோர்ட் துளை, எதிரில் எச்.டி.எம்.ஐ இருப்பது தெரிந்தால் தானே எச்.டி.எம்.ஐ சிக்னலைக் கொடுத்துவிடும். எனவே கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ என்றால் சாதாரணக் கேபிள் வேலை செய்யும். திருப்பிப் போட்டால்? கணினியில் எச்.டி.எம்.ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அதே கேபிள் வேலை செய்யாது. எச்.டி.எம்.ஐ துளைக்குப் பொட்டல பாஷை தெரியாது. கேபிளுக்குத் திசை உண்டு என்பது கடைகளில் யாரும் சொல்லாத விஷயம். நம் மாணவருக்கு 'நோ சிக்னல்' வருவதற்கு இருக்கிற காரணங்களில் முக்கியமான ஒன்று இது.

2010 டிசம்பரும் 2011 செப்டம்பரும்

2010 டிசம்பர் 8 அன்று இன்டெல், ஏ.எம்.டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி ஆகிய ஆறு நிறுவனங்கள் கூட்டாக ஒரு அறிவிப்பு வெளியிட்டன. 2015க்குள் வி.ஜி.ஏ-வுக்கு மூடுவிழா, இனி எச்.டி.எம்.ஐ-யும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். இதில் டெல், சாம்சங் இரண்டும் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தன.

ஒன்பது மாதம் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். உலக நிறுவனங்கள் ஒரு துளைக்கு நாள் குறித்த அதே சமயத்தில்தான் ஒரு தலைமுறை மாணவர்கள் முதல்முறையாகக் கணினியைத் தொட்டார்கள். பள்ளி ப்ரொஜெக்டர், அலுவலகத்தில் கழித்த மானிட்டர், பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த திரை என்று அவர்கள் கைக்கு எட்டியவை எல்லாம் பெரும்பாலும் வி.ஜி.ஏ. நிறுவனங்கள் பெட்டியில் ஒரு துளையைக் குறைக்கும்போது, அந்தச் செலவு கன்வெர்ட்டர் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. புதிதாக இரண்டு மானிட்டர் வாங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

துளை சரியாக இருந்தும் மென்பொருள் கைவிட்ட கதையும் உண்டு. அந்தக் காலத்து மலிவு மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு வரும். அதில் மேசைப் பின்னணிப் படத்தைக் கூட மாற்ற முடியாது. இரண்டாவது மானிட்டரை மாட்டினால் அதே படத்தைத்தான் இரண்டிலும் காட்டும், தனித்தனியாக விரிக்க விடாது. கேபிள் நல்லது, மானிட்டர் நல்லது, கிராபிக்ஸ் சில்லாலும் முடியும், ஆனாலும் அனுமதி இல்லை! அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூட, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பலர் அதை ஒரு நாள் கூடத் திறந்து பார்க்கவில்லை. லினக்ஸில் அந்தத் தடை கிடையாது. அதே இயந்திரத்தை லினக்ஸில் தொடங்கினால் இரண்டு திரையும் தனித்தனியாக விரியும்.

சொன்னபடியே 2015இல் வந்த இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையில் வி.ஜி.ஏ உள்ளிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் சில கணினிகளில் நீலத் துளை இருக்கிறதே என்று கேட்கலாம். அது, பலகைத் தயாரிப்பாளர்கள் தாங்களே டிஸ்ப்ளேபோர்ட்டை வி.ஜி.ஏ-வாக மாற்றும் சில்லை உள்ளே வைத்துக் கொடுப்பது. கேட்கிறவர்கள் இருக்கிற வரை துளை சாகாது போலிருக்கிறது.

சரி, கடையில் எதைக் கேட்பது?

மாணவரிடம் திரும்பி வருவோம். விழுப்புரத்தில் வாங்கினாலும் சரி, ரயிலேறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்கே போனாலும் சரி, கணினியின் துளை எது, மானிட்டரின் துளை எது என்று முதலில் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. கணினியில் இருந்து மானிட்டருக்கு என்று திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டிலும் எச்.டி.எம்.ஐ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1080 அளவுத் திரைக்கு இரண்டு மீட்டர் சாதாரணக் கேபிளே போதும். தங்க முலாம் பூசியது என்று சொல்லி விற்பதை வாங்கினால் படம் ஒன்றும் அழகாகிவிடாது, எண் போய்ச் சேர்ந்தால் சேர்ந்ததுதான். 4கே மானிட்டர் என்றால் மட்டும் கணினியின் எச்.டி.எம்.ஐ பதிப்பைப் பார்க்க வேண்டும். 1.4 என்றால் நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கும், எலி நகர்வதே வழுக்குகிற மாதிரி இருக்கும். 60 முறைக்கு 2.0 வேண்டும்.

கணினியில் எச்.டி.எம்.ஐ, பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ என்பதுதான் நம் ஊரில் அதிகம். டிஜிட்டலை அனலாக்காக மாற்ற உள்ளே சில்லு இருந்தே ஆக வேண்டும். இரண்டு முனையும் நேரடியாக இணைந்த, சில்லில்லாத கேபிள் என்று ஒன்று மிக மலிவாகக் கிடைக்கும். அது எதற்கும் உதவாது. 'கன்வெர்ட்டர்' என்று கேட்டு வாங்க வேண்டும். எச்.டி.எம்.ஐ துளையில் இருந்து வரும் கொஞ்சம் மின்சாரத்திலேயே அது ஓடிவிடும். சில கணினிகளில் அது போதாமல் படம் விட்டு விட்டு வரும், அப்போது யு.எஸ்.பி வழியாக மின்சாரம் கொடுக்கும் வகை தேவை. பழைய மடிக்கணினியில் வி.ஜி.ஏ மட்டும் இருந்து, மானிட்டர் புதியதாக இருந்தால் இதற்கு நேர்மாறான கன்வெர்ட்டர் வேண்டும். இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல் இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

புதிய மடிக்கணினிகளில் இருக்கும் யு.எஸ்.பி-சி துளையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2014இல் அந்தத் துளை வழியாக டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அனுப்பும் முறை அறிவிக்கப்பட்டது. ஆனால் அது கட்டாயம் இல்லை. சார்ஜ் ஏறும், பென் டிரைவ் ஓடும், படம் மட்டும் வராது என்கிற துளைகளும் உண்டு. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட் மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது மாடல் எண்ணைப் போட்டுத் தேடலாம். 1981இன் 9 ஊசிக் கதை மறுபடியும்!

மடிக்கணினியின் சொந்தத் திரை போக வெளியே இரண்டு மானிட்டர் வேண்டும் என்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் சில்லுக்கு ஒரே சமயத்தில் எத்தனை திரை என்று ஒரு வரம்பு உண்டு. 2011இன் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் சில்லுக்கு இரண்டுதான். வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ இரண்டு துளையும் இருந்தாலும் மூன்று திரையும் சேர்ந்து எரியாது. 2012இன் ஐவி பிரிட்ஜில்தான் மூன்றானது. 2020இல் வந்த ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் கூட வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் ஏற்றுக்கொண்டது, விலை என்னவோ அதிகம். மாறாக 2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவுப் பலகை, 35 டாலரில் இரண்டு மைக்ரோ எச்.டி.எம்.ஐ துளைகளோடு வந்தது.

ஸ்பிளிட்டர் என்ற ஒய் வடிவப் பொருளை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். அது ஒரு படத்தை இரண்டு இடத்தில் காட்டும், வகுப்பறைக்கு உதவும். இரண்டு தனித் திரையாக ஆக்காது.

இவ்வளவையும் பார்த்து, சில்லுள்ள கன்வெர்ட்டரை மாட்டி, விண்டோஸில் 'விரி' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு, பழைய வி.ஜி.ஏ மானிட்டரில் படம் ஒரு பக்கமாக நகர்ந்தோ எழுத்து நடுங்கியோ தெரியலாம். மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் அது தானே அளந்து சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்குப் படத்தின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும். பனமலை ஓவியத்தை முழுத்திரையில் வைத்துக்கொண்டு அழுத்தினால் இருட்டான ஓரத்தைப் பார்த்துவிட்டு அது தப்பாக அளக்கும். முதலில் ஹூல்ஷின் வெள்ளைப் பக்கத்தை விளிம்பு வரை விரித்து வைத்து ஒரு முறை 'ஆட்டோ' அழுத்தி, எழுத்து நின்ற பிறகு, உமையைத் திறக்கலாம்.